ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கொப்பி எடுத்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைகளில் கணினி அறைக்குப் பொறுப்பாக இருக்கும் சக ஆசிரியர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் இடையில் வரும் ஒரு மாணவனின் கதைக்காகவாவது வாசிக்கலாம்.

எங்கள் பாடசாலைக் கணினி அறைக்கு நாங்கள் இரண்டு பேர் பொறுப்பு. நடந்த பிழையில் இரண்டு பேருக்கும் சம பங்கு. அதனால் இந்தப் பதிவில் முழுக்க "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர் ஒருவர் பாவித்த பெரிய கணினி ஒன்றைப் பாடசாலைக்குத் தந்திருந்தார். அதில் லினக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு வேர்ச்சுவல் மெஷின் உருவாக்கினோம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. உள்ளே இருக்கும் கணினி தனக்கென்று ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்யும். உண்மையில் அந்த ஹார்ட் டிஸ்க் வெளியே இருக்கும் கணினியில் ஒரு சாதாரண கோப்பு. எங்களுடையது கியூகவ் 2 என்ற வகைக் கோப்பு. அளவு 36 ஜிகாபைட்.

அந்த ஒரு கோப்புக்குள்தான் எல்லாம் இருந்தது. தரம் 6 தொடக்கம் 13 வரை தவணைப் பரீட்சைப் புள்ளிகள், நூலகத்தில் யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்ற பதிவு, உயர்தர ஐ.சி.டி. பிள்ளைகள் தாங்களே செய்து பழகிய தரவுத்தளங்கள், இணையப் பக்கங்கள் எல்லாமே.

பேக்அப் எடுக்காமல் நாங்கள் இருக்கவில்லை. அதில் ஒரு பெருமை கூட இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை நேரத்தோடு விடும். விட்டதும் தரம் 12 மாணவன் ஒருவன் வந்து வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அந்த 36 ஜிகாபைட் கோப்பைக் கொப்பி பண்ணுவான். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை. செக்கனுக்கு ஏறக்குறைய 30 மெகாபைட்தான் போகும். 20 நிமிடம் எடுக்கும். அதே நேரத்தில் ஆசிரியர் அறையில் இரண்டு மூன்று பேர் இருந்து புள்ளிகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மெஷினை நிறுத்தினால், "சேர், சிஸ்டம் வேலை செய்யுதில்லையே" என்று உடனே ஆள் வரும். அதனால் நிறுத்துவதில்லை. கொப்பி முடிந்ததும் அந்த மாணவன் மூலக் கோப்பின் அளவையும் கொப்பியின் அளவையும் பார்ப்பான். இரண்டும் ஒன்றாக இருக்கும். கொப்பியில் திகதியை எழுதிவிட்டு ஜும்ஆவுக்குப் போவோம்.

அளவு ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நம்பினோம். எங்கள் பிழை அங்கேதான் தொடங்கியது.

2022 மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. எங்கள் யூ.பி.எஸ். பற்றரியும் செத்துப்போன நிலை. அந்தக் காலத்தில் இந்த மெஷின் எத்தனையோ தடவை திடீரென்று நின்றது. ஒவ்வொரு தடவையும் கரண்ட் வந்ததும் தானாகவே எழும்பி, தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டு வேலை செய்தது. "இது சாகாது சேர்" என்று பிள்ளைகள் பகிடி விடுவார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அதற்குப் பிறகு ஒரு வருடம், இரண்டாம் தவணைப் புள்ளிகள் எல்லாம் ஏற்றி முடிந்த வாரத்தில், அந்தப் பெரிய கணினியின் உண்மையான ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கி அன்றைக்கே நின்றுவிட்டது. வயசாளி டிஸ்க். யாரையும் குறை சொல்ல முடியாது.

நாங்கள் பதறவில்லை. பேக்அப் இருக்கிறதே! வேறொரு கணினியில் லினக்ஸ் போட்டு, கடைசி வெள்ளிக்கிழமை எடுத்த கொப்பியை வைத்து மெஷினை இயக்கினோம்.

கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள் வந்து அப்படியே நின்றது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக் கொப்பி. மெஷின் எழும்பியது, தரவுத்தளம் திறக்கவில்லை. அதற்கும் முந்தியது. எல்லாமே திறந்தது. அப்பாடா என்று இருந்தது. பிறகு பார்த்தால் ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, புள்ளிகள் இல்லை. இன்னொரு வகுப்பில் பாதிப் பேருக்கு மட்டும் இருக்கிறது. முதலிரண்டு கொப்பிகளையும் விட எங்களுக்குப் பயத்தைத் தந்தது இதுதான். திறக்காத கொப்பி தான் கெட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறது. திறந்துவிட்டுப் பொய் சொல்லும் கொப்பியை என்ன செய்வது?

அப்போது நாங்கள் செய்த காரியத்தைத்தான் இன்றைக்கும் நினைத்து வெட்கப்படுகிறோம். கொப்பி எடுக்கும் அந்த மாணவனைக் கூப்பிட்டோம்.

"முடியிறதுக்கு முன்னுக்கே ஹார்ட் டிஸ்க்கைப் புடுங்கி இருப்பாய். பள்ளிக்குப் போற அவசரத்துல."

"இல்ல சேர். முடிஞ்சி, அளவும் பார்த்துட்டு, கழட்டலாம் எண்டு வந்த புறகுதான் எடுத்தேன்."

"அப்ப எப்படி எல்லாக் கொப்பியும் பழுதாகும்?"

அவன் பதில் சொல்லவில்லை. அவனிடம் பதில் இருக்கவும் முடியாது. மற்றப் பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். அடுத்த நாள் அவன் கணினி அறைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

உண்மை விளங்கியது இரண்டு நாள் கழித்து. அலுமாரிக்குள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு கொப்பி கிடந்தது. நோன்பு விடுமுறை தொடங்கிய அன்று, மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தது. அதையும் அதே மாணவன்தான் எடுத்திருந்தான். போட்டதும் ஒரு சிக்கலும் இல்லாமல் எழும்பியது. விடுமுறை வரைக்குமான எல்லாப் புள்ளிகளும் சரியாக இருந்தன.

கட்டாரில் தரவு மையம் ஒன்றில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவருக்கு அழைப்பு எடுத்து நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி:

"சேர், மெஷின் ஓடிட்டு இருக்கக்குள்ளயா கொப்பி எடுத்தீங்க?"

"ஓம் தம்பி."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார்.

"அப்ப அது பேக்அப் இல்ல சேர்."

அவர் விளங்கப்படுத்தியதை, நாங்கள் வகுப்பில் சொல்லும் விதத்திலேயே சொல்கிறோம்.

ஒரு பெரிய இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்கு ஒரு பொருளடக்கம். எந்த வகுப்பு எந்தப் பக்கம் என்று அதில் இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான பக்கங்கள். நீங்கள் முதலாம் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டோக் கொப்பி எடுக்கிறீர்கள். 20 நிமிட வேலை. அதே நேரத்தில் இன்னொருவர் அதே இடாப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறார். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் புதுத் தாள் ஒட்டுகிறார். முன்னுக்கு வந்து பொருளடக்கத்தைத் திருத்துகிறார். நடுவில் ஒரு பக்கத்தை அழித்து வேறொரு வகுப்புக்குக் கொடுக்கிறார். உங்கள் கையில் கடைசியில் இருப்பது 11.40 மணிப் பொருளடக்கமும் 12 மணிப் பக்கங்களும். தாள்களை எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரி. வாசித்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

கியூகவ் 2 கோப்பும் இப்படித்தான். அது வெறும் தரவு மட்டுமல்ல. உள்ளே இருப்பது பொதுவாக 64 கிலோபைட் துண்டுகள். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைகள் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. எந்தத் துண்டு பாவனையில் உள்ளது என்று எண்ணி வைக்கும் கணக்கும் இருக்கிறது. மெஷின் ஓடும்போது இவை மூன்றும் மாறிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல், உள்ளே இருக்கும் கணினியின் கோப்பு முறைமைக்குத் தனியாக அட்டவணைகள். தரவுத்தளத்துக்கு அதற்கும் மேலே தனிக் கணக்கு. எழுத வேண்டியவற்றில் ஒரு பகுதி இன்னும் டிஸ்க்குக்கே வராமல் நினைவகத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. "தம்பி, 2022 இல இத்தனை தரம் கரண்ட் போயும் இது தப்பிச்சுதே? கொப்பி எடுக்கிறது கரண்ட் போறதை விட மோசமா?"

"மோசம்தான் சேர்" என்றார். கரண்ட் போனால் எல்லாம் ஒரே கணத்தில் நிற்கும். டிஸ்க்கில் இருப்பது அந்த ஒரு கணத்தின் நிலை. வேலை அரைகுறையாக இருந்தாலும், அது உண்மையிலேயே இருந்த ஒரு கணம். இன்றைய கோப்பு முறைமைகளும் தரவுத்தளங்களும் அப்படி நின்று எழும்புவதற்கென்றே முன்கூட்டியே குறிப்பு எழுதி வைக்கின்றன. எழும்பியதும் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. ஆனால் நீங்கள் 20 நிமிடமாக எடுத்த கொப்பி 20 நிமிடத்தின் கலவை. அப்படி ஒரு கணம் அந்த மெஷினின் வாழ்க்கையில் ஒருபோதும் இருந்ததில்லை. இல்லாத ஒரு கணத்துக்கு அது எப்படித் திரும்பிப் போகும்?

ஓடும் மெஷினின் டிஸ்க் கோப்பைத் தொட வேண்டாம் என்று நாங்கள் இப்போது எல்லோருக்கும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விடயமும் எங்களுக்குக் குழப்பமாக இருந்தது. இந்த மெஷினை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவில் 2017 இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து டிஸ்க் கோப்புக்குப் பூட்டு இருக்கிறது. ஒரு மெஷின் பாவித்துக்கொண்டிருக்கும் கோப்பை இன்னொரு மெஷினில் திறக்கப் போனால் பூட்டுக் கிடைக்கவில்லை என்று மறுத்துவிடும். அப்படியென்றால் எங்களை ஏன் தடுக்கவில்லை? ஏனென்றால் அந்தப் பூட்டு, பூட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான். கியூஎமுவும் அதன் கருவிகளும் கேட்கும். சாதாரண கொப்பிக் கட்டளை கேட்காது. கதவைத் தட்டாமல் நேராக உள்ளே போய்விடும். பூட்டு இருக்கிறது என்று நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

அதேபோல் அந்தப் பூட்டு மறுக்கும்போது அதைச் சுற்றிப் போக வழி தேடவும் கூடாது. ஒரே டிஸ்க் கோப்பை இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் எழுதினால், ஒன்று எழுதுவது மற்றதுக்குத் தெரியாது. இரண்டும் தன் நினைவில் உள்ள பழைய கணக்கை வைத்து மற்றதன் மேல் எழுதும். சில நிமிடங்களில் இரண்டுமே போய்விடும். கியூஎமுவின் டிஸ்க் கருவியின் கையேடும் இதைத்தான் எச்சரிக்கிறது: ஓடும் மெஷினின் கோப்பை அந்தக் கருவியால் மாற்ற வேண்டாம், கோப்பே அழிந்துபோகலாம்.

சரி, இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்?

முதலாவது, எளிமையான வழி. நிறுத்திவிட்டுக் கொப்பி எடுப்பது. வெள்ளிக்கிழமை ஒரு அரை மணித்தியாலம் புள்ளி ஏற்ற முடியாது என்று அதிபரிடம் கேட்டு அறிவித்தல் போட்டோம். இவ்வளவு காலமும் அது பெரிய கஷ்டம் என்று நினைத்திருந்தோம். ஒருவரும் முறையிடவில்லை. நிறுத்துவது என்றால் உள்ளே இருக்கும் கணினியை முறையாக ஷட்டவுன் செய்வது. இடைநிறுத்தி வைப்பது நிறுத்துவது ஆகாது. நினைவகத்தைச் சேமித்துத் தூங்க வைப்பதும் ஆகாது. அப்போது பாதி விடயம் டிஸ்க்கிலும் பாதி சேமித்த நினைவகத்திலும் இருக்கும். டிஸ்க்கை மட்டும் கொப்பி எடுத்தால் அதே கதைதான். மெஷின் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பட்டியலில் பார்த்த பிறகுதான் கொப்பி.

இரண்டாவது, நிறுத்தவே முடியாத நாட்களுக்கு. பரீட்சை வாரங்களில் அப்படி வரும். அப்போது உள்ளே இருக்கும் கணினியில் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள் இருக்க வேண்டும். அது கோப்பு முறைமையை ஒரு கணம் உறைய வைத்து, நினைவகத்தில் காத்திருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளும். அந்தக் கணத்தில் வெளி ஸ்னாப்ஷொட் ஒன்று எடுப்போம். அதற்குப் பிறகு மெஷின் எழுதுவதெல்லாம் புதிய சிறு கோப்பு ஒன்றுக்குப் போகும். பழைய பெரிய கோப்பு அசையாமல் நிற்கும். இப்போது அதை ஆறுதலாகக் கொப்பி எடுக்கலாம். முடிந்ததும் சிறு கோப்பில் சேர்ந்ததைப் பெரிய கோப்புக்குள் திரும்பச் சேர்த்து, மெஷினைப் பெரிய கோப்புக்கே திருப்ப வேண்டும். இதற்கு பிளாக் கமிட் என்று பெயர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சிறு கோப்பைப் பார்த்து, "இது என்ன தேவையில்லாத குப்பை" என்று அழித்துவிடாதீர்கள். ஆகப் புதிய தரவு இருப்பது அதில்தான். சேர்த்து முடித்து, மெஷின் பெரிய கோப்புக்குத் திரும்பியதை உறுதிப்படுத்திய பிறகுதான் அழிக்கலாம். அதேபோல் சிறு கோப்பு தங்கியிருக்கும் வரை பெரிய கோப்பில் வேறு எதுவும் எழுதக் கூடாது. எழுதினால் சிறு கோப்புக்கு அடித்தளமே இல்லாமல் போகும்.

வேர்ச்சுவல்பொக்ஸ் பாவிக்கும் பாடசாலைகள்தான் அதிகம் என்று தெரியும். அங்கேயும் இதே விதிதான். ஓடும்போது வி.டி.ஐ. கோப்பைக் கொப்பி எடுக்க வேண்டாம். ஸ்னாப்ஷொட் எடுத்திருந்தால் புதிய மாற்றங்கள் ஸ்னாப்ஷொட் கோப்புறைக்குள் தனிக் கோப்பாக இருக்கும். வி.டி.ஐ.யை மட்டும் எடுத்தால் பழைய நிலைதான் கையில் வரும். மெஷினை நிறுத்திவிட்டு எக்ஸ்போர்ட் செய்வது நல்லது.

மூன்றாவது, டிஸ்க் கோப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தரவுத்தளத்தை அதன் சொந்தக் கருவியால் தனியாக எழுத்துக் கோப்பாக எடுத்து வைக்கிறோம். எங்கள் புள்ளிகள் எல்லாம் சேர்த்தும் சில மெகாபைட்தான். ஒரு பென் டிரைவ் போதும். மெஷின் ஓடும்போதே எடுக்கலாம். 36 ஜிகாபைட்டைத் தூக்கித் திரிந்த நாங்கள் இதை யோசிக்கவே இல்லை.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எடுத்த கொப்பியை இயக்கிப் பாருங்கள். மாதத்தில் ஒரு நாள், வேறொரு கணினியில், வலையமைப்பைக் கழற்றிவிட்டு, கொப்பியின் கொப்பியைப் போட்டு எழுப்பிப் பார்க்கிறோம். ஏதாவது ஒரு வகுப்பைத் திறந்து இடாப்போடு ஒப்பிடுகிறோம். டிஸ்க் கோப்பைச் சோதிக்கும் கட்டளையும் உண்டு. அதைக் கொப்பியில் மட்டும் ஓட்டுங்கள். அது சொல்லும் கசிவு என்பது வீணாகப் பிடித்திருக்கும் இடம் மட்டும், பயப்பட வேண்டாம். பிழை என்று சொன்னால் அது உண்மையான பழுது. திருத்தச் சொல்லும் முன் இன்னொரு கொப்பி எடுத்து வையுங்கள். ஓடும் மெஷினின் கோப்பில் திருத்தம் செய்யவே வேண்டாம்.

இனி, இழப்பைச் சொல்ல வேண்டும்.

நோன்பு விடுமுறைக்குப் பிந்திய புள்ளிகளை வகுப்பாசிரியர்களின் புள்ளிப் பதிவேடுகளிலிருந்து மீண்டும் ஏற்றினோம். ஒன்பது நாள் பின்னேரங்களில் இருந்து முடித்தோம். காகிதம் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் உயர்தரப் பிள்ளைகள் அந்த மாதங்களில் செய்த வேலைகளுக்குக் காகிதம் இல்லை. ஒரு மகள் தன் வாப்பாவின் சில்லறைக் கடைக்கு இருப்புக் கணக்குப் பார்க்கும் ஒரு பக்கத்தைச் செய்து கொண்டிருந்தாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. "பரவாயில்ல மிஸ், திரும்பச் செய்வேன்" என்று எங்களில் ஒருவரிடம் சொன்னாள். திரும்பச் செய்ய அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பரீட்சை வந்துவிட்டது.

அந்த மாணவனைப் பற்றி. காரணம் விளங்கிய அடுத்த நாள், அவனைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு, ஏசியது பிள்ளைகளுக்கு முன்னால்தானே, மன்னிப்பு மட்டும் ஏன் தனியே என்று தோன்றியது. வகுப்பில் எழும்பி நின்று இடாப்புக் கதையைச் சொன்னோம். கரும்பலகையில் படம் போட்டு, கொப்பி எடுத்தவன் சொன்னபடி எல்லாம் சரியாகச் செய்தான், சொல்லிக் கொடுத்த நாங்கள்தான் பிழையாகச் சொல்லிக் கொடுத்தோம் என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். மணி அடித்ததும் வந்து, "சேர், அந்த நோன்புக் கொப்பி ஏன் நல்லா இருந்தது எண்டு இப்பதான் விளங்குது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை ஹார்ட் டிஸ்க்கோடு வந்து, முதல் வேலையாக மெஷின் நின்றிருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்தான்.

பிள்ளைகளின் புள்ளி நம்மிடம் இருக்கும் அமானிதம். அவர்களின் உழைப்பும் அப்படித்தான். பழுதான ஒரு கோப்புக்குக் காரணம் தெரியாதபோது, பக்கத்தில் நிற்கும் சின்னவரின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்கு எங்களைப் பற்றியே தெரிந்துகொண்டோம்.

உங்கள் பாடசாலையில் இப்படி ஒரு மெஷின் ஓடுகிறதென்றால், நாளைக்கே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: பேக்அப் எடுக்கும்போது மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா? ஓடுகிறது என்றால் எங்கள் கதையைச் சொல்லுங்கள். கொமெண்டில் கேள்விகளைப் போடுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம். தெரியாததைக் கட்டார் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.